விரோதி௵ ஆவணி௴ என்றால் எந்த ஆண்டு? பைண்டு போடலாமா?

கரிசல்வாசி:
தாத்தா வீட்டுப் பரணில் ஒரு பழைய நிகண்டு (செய்யுளில் சொற்பொருள் சொல்லும் நூல்) கிடைத்தது. தோல் முதுகு, காலிகோ அட்டை. பக்க எண்கள்கூட ௧, ௨ என்று தமிழில்தான். தாளின் பின்புறம் தடவினால் ஈய எழுத்து அழுந்திய மேடு விரலில் தட்டுகிறது. முகப்பில் ‘விரோதி௵ ஆவணி௴’ (விரோதி வருஷம், ஆவணி மாதம்) மட்டும். ஆங்கில ஆண்டு இல்லை. உள்ளட்டையில் யாரோ மைக்கூட்டுப் பேனாவால் ‘பசலி 1305’ என்று எழுதியிருக்கிறார், ஓரமெல்லாம் பொடி எழுத்தில் குறிப்புகள். தையல் விட்டுப்போச்சு. புதிதாக பைண்டு போட்டு, முகப்பை லேமினேட் செய்துவிடலாமா?

தேரடி:
லை, ணை எல்லாம் தும்பிக்கை போட்ட பழைய எழுத்தா பாருங்கள். அப்படியென்றால் நூறு வருஷத்துக்கு மேல்தான்.

பசைக்கிண்ணம்:
தேரடி ஐயா, அதை வைத்துச் சொல்ல முடியாது. 1978 எழுத்துச் சீர்திருத்தம் வரை அந்தத் தும்பிக்கைதான். நான் பள்ளியில் படித்த புத்தகமே அப்படித்தான் இருந்தது.

விரோதி அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும்: 1829, 1889, 1949. பசலி என்பது வருவாய்த்துறை ஆண்டுக்கணக்கு, அதோடு 590 கூட்டுங்கள். 1305 என்றால் 1895-96. அப்போதே ஒருவர் கையில் இருந்திருக்கிறது, ஆக 1949 போயிற்று. நம்மவர்களின் அச்சுக்கூடங்கள் பெருகியது 1835இல் அச்சுக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய மெட்காஃப் சட்டம் வந்த பிறகு, ஆக 1829உம் இருக்காது. என் கணக்கு 1889 ஆவணி.

பைண்டு விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருஷம் அந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன், கடையில் கொடுக்காதீர்கள். தைத்து முடித்ததும் மூன்று பக்கமும் கட்டிங் மிஷினில் விடுவார்கள். ஓரக் குறிப்பு அத்தனையும் குப்பைக்கூடைக்குப் போகும். (புத்தகத்தைவிட எனக்கு அந்தக் குறிப்புகள்மேல்தான் கண்.) லேமினேஷன் அதைவிட மோசம், திரும்ப உரிக்கவே முடியாது. தையல் விட்டால் விடட்டும். ஃபாரம் (மடித்துத் தைத்த தாள்கட்டு) கலையாமல் அடுக்கி, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி வையுங்கள். முடிந்தால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேளுங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்த புத்தகங்களில் தொடங்கிய இடம் அது, பழைய தாளின் அருமை தெரிந்தவர்கள்.

கரிசல்வாசி:
நன்றி அண்ணே. முகப்பில் ஏற்கெனவே செலோடேப் ஒட்டியிருக்கிறது, மஞ்சளாகிவிட்டது. உரிக்கட்டுமா?

பசைக்கிண்ணம்:
தொடாதீர்கள்! எழுத்தோடு வந்துவிடும். இன்றைக்கே ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள், ஓரம் வெட்டுப்படாமல்.