கோமதி ஆச்சி வீட்டு ஆளுவ (வாட்ஸ்அப் குழு)

பேச்சியம்மாள்: ஏ லட்சுமி, ஒம் மவன் முத்துவுக்கு மாற்றுத்திறனாளி மாசப்பணம் எழுதிக் குடுத்தா ஒனக்கு வார மகளிர் உரிமைத் தொகை நின்னுருமாமே. கடையில பேசிக்கிட்டாவ

லட்சுமி: அய்யோ பெரியம்மா. அப்போ வேண்டாம்

சண்முகம்: நிக்காது லட்சுமி. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில பராமரிப்பு உதவித்தொகை வாங்குத ஆளு இருக்குத குடும்பம், மத்த தகுதி சரியா இருந்தா அந்த 1000-மும் வாங்கலாம்னு மகளிர் உரிமைத் தொகை விதியிலயே இருக்கு. முத்துவுக்கு வர வேண்டியது மாசம் 2000. அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் இருந்தாப் போதும். கை கால் பாதிப்புக்குத்தான் 75 கேப்பாவ

மாரியப்பன்: 1500ன்னுல்லா சொன்னாவ

சண்முகம்: அது வருவாய்த்துறை ஓய்வூதியம் மாப்ள, தாசில்தார் ஆபீஸ் வழியா வாரது. ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும். இ-சேவையில அவசரத்துல அத தட்டி விட்டுருவாவ. "பராமரிப்பு உதவித்தொகை"ன்னு வாய் தொறந்து சொல்லணும். லட்சுமி, பழைய சர்டிபிகேட்ட போட்டோ எடுத்துப் போடு

லட்சுமி: (படம்)

சுடலை: கோயில் கொடைக்கு வரி இன்னும் நாலு வீடு குடுக்கல

பேச்சியம்மாள்: யாரு யாரு

சண்முகம்: இது 6 வயசுல குடுத்தது. இந்தக் குறைபாட்டுக்கு 5, 10, 18 வயசுல மறுபடி பாக்கணும். 18-ல குடுக்குறதுதான் ஆயுசுக்கும். அவனுக்கு 11 ஆச்சு, இத வச்சு ஒண்ணும் நடக்காது. மொதல்ல யூடிஐடி அட்டைக்கு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பதியணும். 40 சதவீதத்துலேர்ந்து 79 வரைக்கும் மஞ்ச அட்டை, 80-லேர்ந்து நீலம்

லட்சுமி: ஆதார்ல ஆலங்குளம் வீட்டு அட்ரஸ்தான் இருக்கு சித்தப்பா

சண்முகம்: அங்கதான் சிக்கும். ஆலங்குளம் 2019லயே தென்காசி மாவட்டம் ஆயிட்டு. நீ பாளையங்கோட்டையில இருந்துக்கிட்டு பதிஞ்சா மனு தென்காசிக்குப் போயிரும். அட்ரஸ மொதல்ல மாத்து. 5 வயசுக்கு எடுக்க வேண்டிய கைரேகை எடுக்கலன்னா அதையும் சேத்து முடிச்சிரு

மாரியப்பன்: அந்த வீட்டு அட்ரஸ எடுத்துட்டா பெறவு பாத்தியதை இல்லன்னுருவாவ

பேச்சியம்மாள்: யாரு சொல்லுவா? பேரச் சொல்லுங்க மாப்ள

சண்முகம்: மைனி, ஆதார்ல அட்ரஸ் மாறுறதுக்கும் சொத்துக்கும் சம்பந்தமே இல்ல. பத்திரமும் பட்டாவும்தான் பேசும். முத்து பங்கப் பத்தி கவலன்னா, 18 ஆனதும் கலெக்டர் தலைமையில இருக்க உள்ளூர்க் குழுவுல லட்சுமி சட்டப்பூர்வ காப்பாளரா எழுதி வாங்கணும். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல அதுக்கு வழி இருக்கு

மாரியப்பன்: சரி சரி

சண்முகம்: ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில சர்டிபிகேட்டுக்குச் சோதன பண்ணுத அன்னைக்கு ஒண்ணு கவனம். புள்ள என்ன செய்வான்னு ஒன்கிட்டயும் கேப்பாவ. பட்டன் தானா போடுவானா, கடையில மிச்சக் காசு எண்ணி வாங்குவானா, வெளிக்கிப் போனா தானே கழுவுவானா

லட்சுமி: எல்லாம் செய்வானே சித்தப்பா

சண்முகம்: நீ பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்லத்தான செய்யுதான். அப்படியே சொல்லு. பெத்தவ மனசு புள்ளைய விட்டுக்குடுக்காது, தெரியும். ஆனா "செய்வான்"னு ஒத்த வார்த்தையில சொன்னா 40-க்குக் கீழ எழுதிருவாவ, புள்ளைக்குக் கெடைக்க வேண்டியது போயிரும். கூட்டியும் சொல்லாத, கொறச்சும் சொல்லாத. டீச்சர்ட்ட ஒரு கடுதாசி வாங்கிக்கோ

லட்சுமி: சரி சித்தப்பா

சுடலை: அக்கா, பேங்கு புக்குல "முத்துக்குமார் எம்", ஆதார்ல "எம் முத்துக்குமார்"

சண்முகம்: நல்லா கவனிச்சல. ஆதார்ல உள்ளபடியே எல்லாத்துலயும் இருக்கணும். பேங்குல ஆதார் நகல் குடுத்துட்டா முடிஞ்சுன்னு நெனைக்காத, மானியம் நேரா ஏறுதமாரி கணக்க இணைச்சிருக்கான்னு கேளு. உத்தரவு வந்தும் பணம் ஏறாம நிக்குதது பாதி இதுலதான்

பேச்சியம்மாள்: நாலு வீடு யாருல சுடலை

சுடலை: தனியாச் சொல்லுதேன் பெரியம்மா

லட்சுமி: அட்டை வந்த பெறவு எங்க குடுக்கணும்

சண்முகம்: கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக்கு எல்லாம் நகலும் அசலும் கொண்டு போ. புள்ளையையும் கூட்டிட்டுப் போ. டவுன் பஸ்ல அவனுக்கும் கூட போற ஒரு ஆளுக்கும் டிக்கெட்டுக்குக் காசு கெடையாது

மாரியப்பன்: பஸ்ல எதுக்கு, வண்டி எடுக்கேன். எந்த நாளுன்னு சொல்லுங்க

லட்சுமி: திங்கக்கிழம?

மாரியப்பன்: திங்கக்கிழம அறுப்பு இருக்கு. பாப்போம்

சண்முகம்: மொதல்ல ஆதார் செண்டருக்குப் போவட்டும். மாத்துன சீட்டு வந்ததும் இங்க போடு லட்சுமி, அதுக்கு முன்னால எதையும் பதியாத