சின்ன இன்டர்பிரெட்டரில் லாக் சேர்த்ததும் புரோகிராம் உறைகிறது – எங்கே தப்பு?

கேள்வி – அடுக்கு_நுனி

சி-யில் எழுதிய பைட்கோடு இன்டர்பிரெட்டர் (புரோகிராமைப் பைட்கோடு என்ற சின்னச் சின்னக் கட்டளைகளாக்கி ஒவ்வொன்றாக ஓட்டுவது). ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு பிதிரெட் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களின் பொதுத் தரமான போசிக்ஸ் சொல்லும் த்ரெட்). எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஜிஐஎல் (இன்டர்பிரெட்டர் முழுவதற்கும் ஒரே லாக்; அது கையில் இருக்கும் த்ரெட்தான் ஓடும்) இருக்கிறது: அதுவும் சாதாரண பிதிரெட் மியூடெக்ஸ்தான் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பிடிக்கக்கூடிய லாக்). 100 பைட்கோடுக்கு ஒருமுறை அதை விட்டுவிட்டு உடனே திரும்ப எடுக்கிறேன்.

இப்போது மொழியில் 'பூட்டு' என்று ஒரு ஆப்ஜெக்ட் சேர்த்திருக்கிறேன். உள்ளே இன்னொரு பிதிரெட் மியூடெக்ஸ், 'எடு', 'விடு' என்று இரண்டு மெத்தட், அவ்வளவுதான். வரும் சிக்கல்கள்:

இரண்டு த்ரெட் ஒரே பூட்டைக் கேட்டால் சில சமயம் மொத்தமும் உறைந்துவிடுகிறது, சிபியு 0%. பூட்டே இல்லாத டெஸ்டிலும் ஒரு த்ரெட் ரொம்ப நேரம் ஓடுகிறது, மற்றது பட்டினி. ஒரு த்ரெட் எடுத்த பூட்டை இன்னொன்று விடுகிற டெஸ்ட் லினக்ஸில் பாஸ் ஆகிறது. அதை நம்பலாமா?

பதில் 1 – குறிமுறை_கொல்லன்

முதல் சிக்கல் டெட்லாக். த்ரெட் அ பூட்டை எடுத்துவிட்டது, 100 பைட்கோடு முடிந்ததும் ஜிஐஎல்லை விடுகிறது. த்ரெட் ஆ ஜிஐஎல்லைப் பிடித்து, அதே பூட்டைக் கேட்டு மியூடெக்ஸில் தூங்கிவிடுகிறது, ஜிஐஎல்லைக் கையில் வைத்துக்கொண்டே. பூட்டை விட அ ஓடியாக வேண்டும்; ஓட ஜிஐஎல் வேண்டும். முடிந்தது கதை.

ஜிஐஎல்லோடு தூங்கக் கூடாது. 'எடு' இரண்டு கட்டமாக இருக்கட்டும். ஜிஐஎல் கையில் இருக்கும்போதே, தூங்காமல் ஒருமுறை முயன்று பாருங்கள். பெரும்பாலும் பூட்டு காலியாகத்தான் இருக்கும், அங்கேயே வேலை முடியும். கிடைக்காவிட்டால் மட்டும் ஜிஐஎல்லை விட்டு, காத்திருந்து பூட்டை வாங்கி, பிறகு ஜிஐஎல்லைத் திரும்ப எடுங்கள். சிபைத்தானின் (சி-யில் எழுதிய வழக்கமான பைத்தான்) லாக்கும் இப்படித்தான் வேலை செய்கிறது.

மூன்றாவதற்கு: நம்பாதீர்கள். சாதாரண மியூடெக்ஸை எடுக்காத த்ரெட் விட்டால் என்ன ஆகும் என்று போசிக்ஸ் வரையறுக்கவில்லை. லினக்ஸில் தற்செயலாக ஓடுகிறது, அவ்வளவே. தப்பைச் சோதிக்கும் எரர்செக் வகை மியூடெக்ஸ் ஈபெர்ம் (அனுமதி இல்லை) பிழை தரும்.

ஆகவே மியூடெக்ஸையே பூட்டாக நீட்டாதீர்கள். ஒரு மியூடெக்ஸ், ஒரு கண்டிஷன் வேரியபிள் (இன்னொரு த்ரெட் எழுப்பும்வரை தூங்க வைப்பது), 'பூட்டியிருக்கிறதா' என்று ஒரு கொடி, இந்த மூன்றையும் சேர்த்துப் பூட்டைக் கட்டுங்கள். காத்திருப்பவர் மியூடெக்ஸைப் பிடித்து, கொடி 1 ஆக இருக்கும்வரை கண்டிஷனில் தூங்க வேண்டும், 0 ஆனதும் தானே 1 ஆக்கிவிட்டு வெளியேற வேண்டும். அந்தச் சோதனை 'இஃப்' அல்ல, 'வைல்'. யாரும் எழுப்பாமலே விழிப்பு வரும். எழுப்பியபின் இடையில் வேறொருவர் பூட்டைக் கொத்திக்கொண்டு போவதும் உண்டு. 'விடு' மியூடெக்ஸைப் பிடித்து, கொடியை 0 ஆக்கி, ஒருவரை மட்டும் சிக்னல் செய்தால் போதும். அதற்கு ஜிஐஎல்லை விட வேண்டியதில்லை, ஏனென்றால் உள் மியூடெக்ஸ் சில நானோசெகண்டுகள்தான் பிடிபட்டிருக்கும்.

வரிசை மட்டும் மாறக் கூடாது. ஜிஐஎல்லோடு உள் மியூடெக்ஸைப் பிடிக்கலாம். உள் மியூடெக்ஸோடு ஜிஐஎல்லுக்குக் காத்திருக்கக் கூடாது. 'எடு' முடியும்போது முதலில் உள் மியூடெக்ஸை விட்டுவிட்டுத்தான் ஜிஐஎல்லைக் கேட்க வேண்டும். இதைத் தலைகீழாக எழுதினால் பழைய டெட்லாக்கே வேறு வேஷத்தில் திரும்பி வரும்.

பதில் 2 – வெற்றுச்சுட்டி

பட்டினிக்கு நான் சொல்றேன். மியூடெக்ஸை விட்டுட்டு அடுத்த வரியிலேயே கேட்டா, கேட்டவங்களுக்கே திரும்பக் கிடைக்கும். தூங்குற த்ரெட் எழுந்து சிபியுல ஏறுறதுக்கு மைக்ரோசெகண்ட் கணக்குல ஆகும், உங்க லூப் அதுக்குள்ள மறுபடி பிடிச்சிருக்கும். 100-ஐ 10 ஆக்கினாலும் இது தீராது.

பழைய பைத்தானும் 100 எண்ணித்தான் விட்டுச்சு. 3.2-ல மாத்தினாங்க. ஜிஐஎல்லும் மியூடெக்ஸ், கண்டிஷன், கொடின்னு ஆச்சு. காத்திருக்கிறவர் 5 மில்லிசெகண்ட் பார்ப்பார், கிடைக்கலைன்னா 'விட்டுக் கொடு'ன்னு ஒரு கொடியை ஏத்துவார். ஓடுறவர் லூப்ல அந்தக் கொடியை மட்டும் பார்த்துட்டுப் போறார். கொடி ஏறியிருந்தா ஜிஐஎல்லை விட்டுட்டு, *வேற யாராவது எடுத்தாச்சுன்னு உறுதியாகுற வரைக்கும்* நிக்கிறார். பட்டினியைத் தீர்க்கிறது இந்தக் கடைசித் துண்டுதான், அதை விட்டுடாதீங்க. இன்னொரு லாபம்: யாரும் கேட்காதப்போ ஜிஐஎல்லை விட்டு எடுக்குற செலவே கிடையாது.

அடுக்கு_நுனி

இரண்டும் புரிந்தது, நன்றி. இரண்டு கேள்வி. ஜிஐஎல்தான் இருக்கிறதே, பூட்டின் கொடிக்குத் தனி மியூடெக்ஸ் எதற்கு? அடுத்து, காத்திருக்கும்போது கன்ட்ரோல்-சி, டைம்அவுட் இரண்டும் வேலை செய்ய வேண்டும்.

பதில் 3 – குறிமுறை_கொல்லன்

தனி மியூடெக்ஸ் இல்லாமலும் செய்யலாம். ஜிஐஎல்லை பதில் 2 போல மாற்றிவிட்டால் அதற்குள் ஒரு மியூடெக்ஸ் இருக்கும். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு கண்டிஷன் மட்டும் வைத்து, அந்த ஒரே மியூடெக்ஸில் காத்திருக்க வைக்கலாம். 64-பிட் எக்ஸ்86 லினக்ஸ் ஜிலிப்சியில் (லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரி) மியூடெக்ஸ் 40 பைட், கண்டிஷன் 48 பைட், ஆக ஒரு பூட்டுக்கு 40 மிச்சம். ஆனால் பின்னால் ஜிஐஎல்லையே நீக்கிவிட நினைத்தால் எல்லாப் பூட்டையும் திரும்ப எழுத வேண்டும். என் ஓட்டு தனி மியூடெக்ஸுக்கே.

டைம்அவுட்: கெடு நேரத்தை ஆரம்பத்தில் ஒரே ஒருமுறை கணக்கிடுங்கள். ஒவ்வொரு விழிப்புக்கும் '2 செகண்ட்' என்று புதிதாகத் தொடங்கினால் கெடு தள்ளிக்கொண்டே போகும். கண்டிஷனின் டைம்டு வெயிட் இயல்பாகச் சுவர்க் கடிகார நேரத்தைப் பார்க்கும்; யாராவது நேரத்தைத் திருத்தினால் கெட்டது. உருவாக்கும்போதே மானோடானிக் (யாரும் திருத்த முடியாத, முன்னோக்கி மட்டும் ஓடும்) கடிகாரத்துக்கு மாற்றுங்கள். மேக்ஓஎஸ்ஸில் அந்த வசதி இல்லை, அங்கே ரிலேடிவ் வெயிட் என்று தனி ஃபங்ஷன் உண்டு.

கன்ட்ரோல்-சி கொஞ்சம் வம்பு. கன்ட்ரோல்-சி அழுத்தினால் சிஸ்டம் புரோகிராமுக்கு ஒரு சிக்னல் அனுப்பும்; ஆனால் கண்டிஷன் வெயிட் ஈஇன்டர் (சிக்னல் குறுக்கிட்டது என்ற பிழை) தராது. சிக்னல் ஹேண்ட்லர் ஓடி முடிந்தும் த்ரெட் தூங்கிக்கொண்டே இருக்கலாம். ஹேண்ட்லருக்குள்ளிருந்து கண்டிஷனை எழுப்புவதும் பாதுகாப்பில்லை. எனக்குப் பிடித்த வழி: எல்லா த்ரெட்டிலும் சிக்னலை மறைத்து, சிக்வெயிட்டில் (சிக்னல் வரும்வரை காத்திருக்கும் ஃபங்ஷன்) உட்காரும் தனி த்ரெட் ஒன்றை வையுங்கள். அது 'குறுக்கீடு' கொடியை ஏற்றி, மெயின் த்ரெட் எந்தப் பூட்டில் காத்திருக்கிறதோ அந்த மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டே பிராட்காஸ்ட் செய்யட்டும் (காத்திருக்கும் எல்லாரையும் எழுப்பட்டும்). பிடிக்காமல் எழுப்பினால், தூங்கப் போகும் அந்த நொடியில் விழிப்பு தவறிவிடும்.

பதில் 4 – வெற்றுச்சுட்டி

கொல்லன் அண்ணா சொன்னது சரி, ஆனா சின்னதா போதும்னா செமஃபோர் போடுங்க (ஒரு எண்ணிக்கை: வெயிட் ஒண்ணு குறைக்கும், 0-ன்னா தூங்கும்; போஸ்ட் ஒண்ணு கூட்டும்). செம் வெயிட் ஈஇன்டர் தரும், யார் வேணா போஸ்ட் பண்ணலாம், அதனால வேற த்ரெட் விடுற உங்க டெஸ்டும் நியாயமாவே பாஸ் ஆகும். ஒண்ணு மட்டும்: விடுறதுக்கு முன்னாடி கொடி 1-ஆன்னு பாருங்க, இல்லைன்னா ரெண்டு தடவை 'விடு'ன்னு கூப்பிட்டா எண்ணிக்கை 2 ஆகி, ரெண்டு பேர் உள்ள நுழைஞ்சுடுவாங்க.

கண்டிஷன் வழியிலயே போனா, குறுக்கீட்டால வெளியேறுற த்ரெட் கிளம்புறதுக்கு முன்னாடி கொடி 0-வா பார்க்கணும். 0-ன்னா 'விடு' அனுப்பின சிக்னலை அதுவே தின்னிருக்கலாம். இன்னொரு சிக்னலை அனுப்பிட்டுத்தான் போகணும், இல்லைன்னா பூட்டு காலியா இருக்க மத்தவங்க தூங்கிட்டே இருப்பாங்க.

அப்புறம் ஜிசி (பயன்படாத ஆப்ஜெக்ட்டைக் கழுவுற கார்பேஜ் கலெக்டர்). ஜிசி ஆப்ஜெக்ட்டை இடம் மாத்துற ஹீப்ல (மெமரிப் பகுதி) பூட்டை வைக்காதீங்க, மியூடெக்ஸோட முகவரி மாறக் கூடாது. மாலாக் பண்ணி (சி-யில தனியா மெமரி வாங்கி) பாயின்டர் மட்டும் ஆப்ஜெக்ட்ல இருக்கட்டும். ஜிஐஎல்லை விட்டுட்டுக் காத்திருக்கும்போது அந்த ஆப்ஜெக்ட்டுக்கு ரூட்ல (ஜிசி தேட ஆரம்பிக்கிற இடம்) ஒரு பிடி இருக்கணும், சி லோக்கல் வேரியபிள்ல மட்டும் இருந்தா ஜிசி அதைக் கழுவிடும்.

ஃபோர்க் பண்ணா (புராசஸை நகலெடுத்தா) குழந்தை புராசஸ்ல கூப்பிட்ட த்ரெட் மட்டும்தான் உயிரோட இருக்கும். மத்த த்ரெட் பிடிச்சிருந்த பூட்டெல்லாம் பூட்டினபடியே நிக்கும், விட ஆள் இல்லை. குழந்தையில ஜிஐஎல்லையும் இன்டர்பிரெட்டரோட உள் லாக்குகளையும் புதுசா உருவாக்குங்க. யூசர் பூட்டுகளைத் தொடாதீங்க, அதுங்க காக்குற டேட்டா பாதியில நிக்கலாம்.

டெஸ்டுக்கு, த்ரெட் மாறுறதை ஒவ்வொரு பைட்கோடுக்கும் கட்டாயமாக்க ஒரு பில்ட் ஃபிளாக் வைங்க. 4 த்ரெட், ஒவ்வொண்ணும் 1,00,000 தடவை, பூட்டுக்குள்ள கவுண்டரைக் கூட்டட்டும், 4,00,000 வரணும். பூட்டே இல்லாம ஓட்டினா குறையணும். குறையலைன்னா ஃபிளாக் வேலை செய்யலை.