'இன் த மூட் ஃபார் லவ்': 4கே பதிப்பா, பழைய ப்ளூ-ரேயா?

நிழலாட்டம்:
வோங் கார்-வாயோட இந்த ஹாங்காங் காதல் படத்தை முதல் தடவை பார்க்கப் போறவங்க 2020ல செஞ்ச 4கே மீட்டெடுப்பை (பழைய ஃபிலிமைப் புதுசா ஸ்கேன் பண்ணிச் சரிசெஞ்ச பதிப்பு) விட்டுட்டு 2012 ப்ளூ-ரேயைத் தேடிப் பிடிங்க. புதுசுல படம் முழுக்கப் பச்சை கலந்த மஞ்சள். நாயகன் டோனி லியூங்கோட சட்டைக் காலரைப் பார்த்தாலே தெரியும். பழசுல இருந்த சுத்த வெள்ளை இதுல இல்லை. ஹோட்டல்ல 2046ஆம் நம்பர் அறைக்கு வெளியே தொங்குற சிவப்புத் திரைச்சீலைதான், அங்கே சந்திக்கிற நாயகனும் நாயகியும் வாய் திறந்து சொல்லாத ஆசையைச் சொல்லுது. அந்தச் சிவப்புல பச்சையைக் கலக்கலாமா?

சுருள்35:
உடன்பாடில்லை நண்பரே. மூல நெகட்டிவிலிருந்து (கேமராவில் பதிவான ஃபிலிம்) எடுத்து, இயக்குநர் வோங் கார்-வாய் ஒப்புதல் தந்த பதிப்பு அது. மீட்டெடுத்த தன் படங்களைப் பற்றி, இவை பழைய படங்களே அல்ல, பார்க்கும் நாமும் பழைய ஆட்கள் அல்ல என்ற பொருளில் அவரே எழுதியும் இருக்கிறார். ட்யூப்லைட் வெளிச்சத்தை ஃபிலிமில் பிடித்தால் பச்சை தட்டுவதும் இயல்புதான்.

நிழலாட்டம்:
ட்யூப்லைட் காரணம்னா ஆபீஸ் காட்சியோட நிக்கணுமே? நூடுல்ஸ் தூக்கோட நாயகி மேகி சியுங் படியிறங்குற இடம், மழையில தெருவிளக்கு, எல்லாத்துலயும் அதே சாயம். இது வெளிச்சம் இல்லை, மேல பூசினது. படப்பிடிப்பு 15 மாசம் இழுத்ததுல ஒளிப்பதிவாளர் கிறிஸ்டோபர் டாயில் பாதியில கிளம்ப, மார்க் லீ பிங்-பின் வந்து முடிச்சார். ரெண்டு பேர் ஒளியமைப்பும் வேற வேற. ஒரே நிறத்தை இழுத்துவிட்டா அந்த வேறுபாடு அமுங்கிடும்.

சுருள்35:
நிறத்தை மட்டும் பார்க்கிறீர்கள். துரோகம் செய்த நாயகியின் கணவன், நாயகனின் மனைவி இருவரின் முகமும் படத்தில் தெரியாது. ஏமாற்றப்பட்ட நாயகனும் நாயகியும் அவர்களாக நடித்துப் பார்க்கிறார்கள். அவனைக் கணவனாக வைத்து, 'உனக்கு வேறு ஒருத்தி உண்டா' என்று அவள் கேட்டு ஒத்திகை பார்க்கும் இடத்தில் நடிப்பு எது, வலி எது என்று பிரிப்பது கண்ணோரத்து ஈரம்தான். 4கேயில் அது துல்லியமாகத் தெரிகிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

கோடைமழை:
எந்தப் பதிப்பானாலும் டிவியை முதலில் சரிசெய்யுங்கள். 'விவிட்' வேண்டாம்; 'ஃபிலிம்மேக்கர்' அல்லது 'சினிமா' முறை, நிறவெப்பம் 'வார்ம்'. மோஷன் ஸ்மூத்திங்கைக் கட்டாயம் நிறுத்துங்கள். டிவி தானாகச் செருகும் சட்டகங்களால் ஸ்லோமோஷன் நடை வழுக்கும், ஆபீஸில் எழும் சிகரெட் புகையின் ஓரம் பிய்ந்து தெரியும். இசையமைப்பாளர் உமேபயாஷியின் வால்ட்ஸ் (மூன்று தட்டு நடன இசை) தாளத்தோடு நடை பொருந்துவதே அந்தக் காட்சிகளின் அழகு.

படத்தின் அகல-உயர விகிதம் 1.66:1. 1920 புள்ளி (பிக்சல்) அகலத் திரையில் இருபுறமும் 64 புள்ளி அளவுக்குக் கறுப்பு வரும், அது கோளாறு அல்ல. 'ஜூம்' போட்டு நிரப்பினால் உயரத்தில் சுமார் 7 சதவீதம் போய்விடும். கதவுச் சட்டத்துக்குள்ளும் குறுகிய நடையிலும் ஆட்களை நெருக்கி வைத்த படத்தில் அது பெரிய இழப்பு.

நிழலாட்டம்:
'வார்ம்' வெச்சா 4கே இன்னும் மஞ்சளாத் தெரியுமே?

கோடைமழை:
தெரியும். ஆனால் மற்ற படங்களுக்கும் அதுதான் சரியான அளவு. பச்சை உறுத்துகிறதே என்று 'டின்ட்'டைத் திருகாதீர்கள். பச்சை குறைவதற்குள் முகங்களில் ஊதா ஏறிவிடும். நிறம்தான் பெரிது என்றால் பழைய டிஸ்க்தான் வழி.

சுருள்35:
டிவி விஷயத்தில் முழு உடன்பாடு. பதிப்பு விஷயத்தில் என் ஓட்டு 4கேக்குத்தான்.