புது இழைப்புளி வேப்பம்பலகையைப் பிய்க்கிறது, வாயும் அடைக்கிறது: நானே சரிசெய்ய முடியுமா?

வேப்பம்பலகை (மதுரை):

வணக்கம். போன ஆண்டு ஆடிக் காற்றில் எங்கள் கொல்லை வேப்ப மரம் சாய்ந்துவிட்டது. விறகுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அறுவை மில்லில் பலகையாக்கி, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, ஓர் ஆண்டு நிழலில் காயவிட்டேன். இப்போது அதில் ஓர் ஊஞ்சல் பலகை செய்கிறேன். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கற்றுக்கொண்ட கைவேலை இது. இதுவரை இரண்டு முக்காலியும் ஒரு அஞ்சறைப் பெட்டியும் செய்திருக்கிறேன்.

பலகையைச் சீவி மழமழப்பாக்க ஒன்பது அங்குல இரும்பு இழைப்புளி புதிதாக வாங்கினேன். பத்துத் தள்ளுக்குள் சீவல் வெளியே வராமல், கத்தி எட்டிப்பார்க்கும் அடிப்பிளவான வாய்க்குள்ளேயே விசிறிபோல் மடிந்து அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் குச்சியால் குத்தி எடுக்க வேண்டியிருக்கிறது. பலகையிலோ ஒரு பட்டை கண்ணாடிபோல் வருகிறது, பக்கத்துப் பட்டையில் நார் பிய்ந்து குழி விழுகிறது. பலகையைத் திருப்பிப் போட்டுத் தள்ளினால், நன்றாக இருந்த பட்டை பிய்கிறது. கத்தி மழுங்கலில்லை, கை ரோமத்தை மழிக்கும் கூர் இருக்கிறது. இழைப்புளியின் வாயை அரத்தால் ராவிப் பெரிதாக்கினால் சீவல் தாராளமாக வெளியேறும் என்று கடைக்காரர் சொன்னார். செய்யலாமா?

இன்னொன்று. கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) அடித்து அடித்து உளிப் பிடியின் தலை பிளக்கிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

மரத்தூள் (தஞ்சாவூர்):

முதலில் அடித்தளம் மட்டமா என்று பாருங்கள். தடித்த கண்ணாடிமேல் 80ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, அடியில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டுத் தேயுங்கள். கோடு அழியாத இடம் பள்ளம். மூக்கு, வாய்க்கு முன்புறம், வால் ஆகிய மூன்று இடங்களும் ஒரே மட்டத்துக்கு வந்தால் போதும், முழுதும் பளபளக்க வேண்டியதில்லை. தேய்க்கும்போது கத்தியை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கழற்றாமல் இறுக்கியே வையுங்கள், அந்த இறுக்கத்தில் உடல் சற்று வளையும்.

உளிச்சத்தம் (நாகர்கோவில்):

அக்கா, தயவுசெய்து வாயை ராவாதீர்கள். ராவிய இரும்பு திரும்ப வராது. 1998இல் நான் அதைச் செய்திருக்கிறேன். அப்பாவின் பழைய மர இழைப்புளி, உள்ளங்கை படிந்து படிந்து கறுத்துப்போனது. சீவல் அடைக்கிறதென்று அவர் ஊரில் இல்லாத நாளில் உளியால் வாயைச் செதுக்கி அகலமாக்கினேன். அடைப்பு நின்றது. ஆனால் அடுத்த வாரம் ஒரு வேங்கைக் கதவை இழைத்தபோது முகமெல்லாம் பிய்ந்து போயிற்று. திரும்பி வந்த அப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாய்க்கு முன்னால் சதுரமாகக் குடைந்து, புளிய மரத் துண்டு ஒன்றைச் சீவிப் பதித்து, கத்திக்கும் அதற்கும் நடுவே அஞ்சலட்டை ஒன்று நுழையும் அளவுக்கு வாயைக் குறுக்கினார். மரமாக இருந்ததால் அது முடிந்தது. உங்களுடையது வார்ப்பிரும்பு.

உங்கள் தொல்லைகள் இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் மருந்து இருக்கிறது: கத்தியின்மேல் திருகு போட்டுப் பூட்டியிருக்கும் வளைந்த மேல்தகடு. கத்தியையும் தகட்டையும் பூட்டியபடியே வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கண்ணருகில் பிடியுங்கள். இரண்டும் சேரும் கோட்டில் எங்காவது ஒரு மயிரிழை வெளிச்சம் தெரியும். விலை குறைந்த இழைப்புளியில் அநேகமாக இது இருக்கும். சீவலின் நுனி அந்த இடுக்கில்தான் நுழைந்து சிக்குகிறது. பின்னால் வரும் சீவலுக்குப் போக்கிடமில்லை, அதன்மேலேயே மடிகிறது. நீங்கள் சொன்ன விசிறி அதுதான்.

தீட்டுக்கல்லை மேசை ஓரத்தில் வையுங்கள். தகட்டின் முன்விளிம்பு மட்டும் கல்மேல் இருக்கட்டும், வால் கல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்கட்டும். இப்படித் தேய்த்தால் விளிம்பின் நுனிதான் கத்தியைத் தொடும், பின்பகுதி தூக்கலாக நிற்காது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரே புது மினுக்கம் வரும்வரை தேயுங்கள். எனக்கு இருபது நிமிடம் பிடிக்கும். பிறகு பூட்டி, மறுபடி ஜன்னலில் பாருங்கள். சொட்டு வெளிச்சமும் இருக்கக் கூடாது. அடுத்து, தகட்டின் மேல்பக்க விளிம்பை ஏறக்குறைய 50 பாகைச் சரிவாக்கி 400, 1000 நம்பர் தாள்களில் மெருகேற்றுங்கள். சீவல் ஏறிப் போகும் பாதை அது. கையில் சொரசொரப்புத் தட்டக் கூடாது.

இனி நார் பிய்வது. வேம்பு பின்னிய நார் கொண்ட மரம். சில ஆண்டு வளர்ச்சி இடப்பக்கம் முறுக்கி ஏறும், அடுத்த சில ஆண்டு வலப்பக்கம். அதனால்தான் எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் ஏதாவது ஒரு பட்டை உங்களை எதிர்க்கிறது. எதிர்நாரில் கத்தி நுழைந்தால், அறுபடுவதற்கு முன்பே சீவல் நெம்புகோல்போல் எழும்பி, முன்னாலுள்ள நாரை அடியோடு பெயர்க்கும். மேல்தகட்டைக் கத்தி முனைக்கு வெகு அருகில் நகர்த்தினால், சீவல் எழும்பிய கணமே தகட்டில் மோதி ஒடிந்து நிமிர்ந்துவிடும், நெம்ப வலு இருக்காது. எவ்வளவு அருகில் என்றால், உங்கள் கட்டைவிரல் நகத்தின் கனம், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். பிய்வது நிற்காவிட்டால் அதிலும் பாதி. கத்தி முனை வெறும் வெள்ளிக் கீற்றாகத்தான் தெரிய வேண்டும். சீவலையும் மெலிதாக எடுங்கள். கனமாக எடுத்தால் தள்ளவே முடியாது.

உளிக்கு: பழைய இரும்புக் குழாயிலிருந்து அரை அங்குல உயரத்தில் ஒரு வளையம் (பூண்) அறுத்து, உள்விளிம்பின் பிசிரை அரத்தால் ராவிவிடுங்கள். பிடியின் தலையைச் சற்றே சரிவாகச் சீவி, பூணை அடித்து இறக்குங்கள். மரம் பூணுக்கு மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நிற்கட்டும். அந்த மரத்தை நனைத்துச் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் பூவாக விரிந்து பூணின்மேல் படியும். அதன்பின் கொட்டாப்புளி மரத்தைத்தான் அடிக்கும், இரும்பை அல்ல. பிளவு நீண்டிருந்தால் பிடியையே மாற்றிவிடுங்கள்.

கோடும் கட்டையும் (கோவை):

ஊஞ்சல் பலகையின் கோடிகளை அறுக்கப் போகிறீர்கள் அல்லவா? கோடு கிழிக்கும் கட்டையில் உள்ள ஆணி கூம்பாக இருந்தால் குறுக்கு நாரைக் கிழித்துவிடும். அதைச் சிறு கத்திபோல் ராவிக்கொள்ளுங்கள்: தட்டைப் பக்கம் வெளிப்புறம், சரிவு தடுப்புக் கட்டையைப் பார்த்தபடி. அப்போது கோடு போடப் போட, கட்டை தானாகவே மரத்தோடு ஒட்டி வரும்.

வேப்பம்பலகை (மதுரை):

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஒன்றரை விரல் அகலத்துக்கு வெளிச்சம்! இருபது நிமிடம் எனக்குப் போதவில்லை, முக்கால் மணி ஆயிற்று. தகட்டை ஒரு மில்லிமீட்டரில் வைத்தபோது அடைப்பு அறவே நின்றது, ஆனால் நார் இன்னும் பிய்ந்தது. பாதியாகக் குறைத்தேன், பிறகு இன்னும் கொஞ்சம். அதற்குமுன் சுருண்டு விழுந்துகொண்டிருந்த சீவல் நேராக நிமிர்ந்து, முட்டிவரை நாடாபோல் எழும்பி வந்தது. பலகையைத் தடவிப் பார்த்தேன். எந்தப் பட்டை எந்தப் பக்க நார் என்று விரலுக்குத் தெரியவில்லை, கண்ணுக்கு மட்டுமே தெரிகிறது. இந்த மரத்தின் நிழலில்தான் என் பிள்ளைகள் எழுதப் படித்தார்கள். கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பூணும் போட்டுவிட்டேன். இழைப்புளியின் அடியில் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

உளிச்சத்தம் (நாகர்கோவில்):

அக்கா, நிமிர்ந்து வருகிற சீவல்தான் அடையாளம், தகடு சரியான இடத்தில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்குப் பிடிக்கும். அடியில் மெழுகுவத்தியால் இரண்டு கோடு இழுங்கள், தள்ளுவது பாதியாக இலேசாகும். திருகுகளுக்கும் துருவுக்கும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பலகைக்குச் சங்கிலி மாட்டத் துளை போடுமுன், அடிப்பக்கத்தில் ஒரு வீண்கட்டையை இறுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் துளைக்கருவி வெளியேறும் இடத்தில் வேம்பு பிசிராகப் பெயரும்.