சுழல் ஷிப்டில் வேத வாசிப்பும் ஜெபமும்: ஆயத்தமாக இருப்பது எப்படி?

ஈசூன்_விசுவாசி:
ஸ்தோத்திரம். காவலாளியாக 12 மணி நேர வேலை. நான்கு பகல், இரண்டு நாள் ஓய்வு, நான்கு இரவு, மறுபடி இரண்டு நாள் ஓய்வு. ஜனவரியில் "ஒரு வருடத்தில் வேதாகமம்" அட்டவணையைத் தொடங்கினால் பிப்ரவரியைத் தாண்டுவதில்லை. அதிகாலை ஜெபம் இரவு ஷிப்ட் வந்ததும் அறுந்துபோகிறது. சில ஞாயிறு ஆராதனையும் தவறுகிறது. இயேசுவின் வருகைக்கு ஆயத்தமாக "விழித்திருங்கள்" என்ற வசனத்தை வாசித்தாலே குற்ற உணர்ச்சிதான். ஆறுதல் வேண்டாம், நடைமுறையில் எப்படிச் செய்வது என்று சொல்லுங்கள். இன்னொன்று: சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன், சபையின் உபவாச ஜெபத்தில் சேரலாமா?

திரிவிளக்கு:
பிரதர், பிப்ரவரியில் நிற்பது சோம்பலால் அல்ல, கணக்கால். 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்றேகால். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 முடியவே ஜனவரி கடைசி. அப்புறம் லேவியராகமம் 27, எண்ணாகமம் 36. பலி முறைகளும் குஷ்டரோகப் பிரமாணமும் (13ஆம் அதிகாரம் மட்டும் 59 வசனம்) கோத்திரக் கணக்கும், சீனப் புத்தாண்டு ஓவர்டைம் நேரத்தில்! யாருக்கும் கண் சொருகும்.

முதலில் புதிய ஏற்பாடு, 260 அதிகாரம். உங்கள் சுழற்சி 12 நாள், அதில் வேலைநாள் எட்டு. வேலைநாளுக்கு ஒரு அதிகாரம் என்றால் சுமார் 13 மாதத்தில் முடியும். ஓய்வு நாள் நான்கும் விட்டதைப் பிடிக்க. லூக்கா 1 (80 வசனம்) மாதிரி நீளமானதை இரண்டாகப் பிரியுங்கள். அப்படியும் பிடிக்க முடியாததை விட்டுவிட்டு இன்றைய அதிகாரத்துக்கு வந்துவிடுங்கள். கடன் சேர்த்தால் ஒரே வாரத்தில் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

"காலை 5 மணி" என்று வைக்காதீர்கள். "எழுந்து முகம் கழுவியதும்" என்று வையுங்கள், இரவு ஷிப்டில் அது மாலை நாலரையாக இருக்கும், இருக்கட்டும். வேலை முடிந்து வந்த காலையில் அதிகாரம் எதுவும் மண்டையில் ஏறாது. அப்போது சங்கீதம் 134 போதும். மூன்றே வசனம், இராக்காலத்தில் ஆலயத்தில் நிற்கிற ஊழியக்காரருக்கென்றே பாடியது. எம்ஆர்டி ரயிலில் ஆடியோ கேட்பதானால் சுவிசேஷங்கள், அப்போஸ்தலர் நடபடிகள் சரி. ரோமர் நிருபம் ஓடும் ரயிலில் நிற்காது.

அப்பர்_சிராங்கூன்:
வாசிப்புக் கணக்கு பாதிதான். மத்தேயு 25ஐ மறுபடி பாருங்கள். மணவாளன் வரத் தாமதித்தபோது விளக்கேந்திக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளும் தூங்கினார்கள், புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்துத்தான். தூங்கியதற்காக யாரையும் வெளியே நிறுத்தவில்லை. பாத்திரத்தில் எண்ணெய் இருந்ததா என்பதே கேள்வி. பகலில் தூங்குகிறவர் பதற வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணெயைக் கடன் கேட்டும் கிடைக்கவில்லை. அம்மா உபவாசிக்கிறார், மனைவி ஜெபிக்கிறார் என்பது உங்கள் பாத்திரத்தை நிரப்பாது.

அதற்கு முன்பு, 24:45ல் வரும் உண்மையுள்ள ஊழியக்காரன் செய்துகொண்டிருந்தது ஜெபம்கூட அல்ல, வீட்டாருக்கு வேளைக்குச் சாப்பாடு கொடுப்பது. சுற்றாத ரோந்தைச் சுற்றியதாக லாக் புக்கில் எழுதிவிட்டு வருகைக்கு ஆயத்தம் என்று சொல்ல முடியாது.

தூங்குமுன் ஐந்து நிமிடம், ஒரு சின்ன நோட்டு. இன்று எங்கே பொய் சொன்னேன், யாரோடு கசப்பு, யாருக்குப் பணம் பாக்கி? ஆளுக்கொரு வரி. "என் பாவங்களையெல்லாம் மன்னியும்" என்று மொத்தமாகச் சொல்லி முடிப்பதுதான் வழக்கமான தவறு, அதில் எதுவும் பிடிபடாது. ஒரே பெயர் மூன்று நாள் வந்தால் போனை எடுங்கள். காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:24.

ஆராதனை தவறும் வாரத்துக்கு: 1742ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மெதடிஸ்ட் சபையார் கட்டடக் கடனுக்காக வாரம் ஒரு பென்னி வசூலிக்கச் சுமார் 12 பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரிந்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனபோது வீட்டு நிலவரம் தெரிந்தது, அதுவே ஆத்தும விசாரிப்பாக மாறியது. உங்களுக்கு 12 பேர் வேண்டாம். அதே ஷிப்டில் ஒருவர் அல்லது இருவர், சுழற்சிக்கு ஒருமுறை 20 நிமிடம், வாய்டெக் (அடுக்குமாடி வீட்டின் திறந்த கீழ்த்தளம்) கல்மேசை போதும். வாட்ஸ்அப் குழு இதற்கு ஆகாது. நூறு பேர் "ஆமென்" போடுவார்கள், ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்.

ஓஃபிர்_ரோடு:
கத்தோலிக்கர் யாராவது இதைப் படித்தால்: சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறு திருப்பலிக் கடமையை நிறைவேற்றும், ஷிப்ட்காரர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பில் தண்ணீரும் மருந்தும் அடங்காது, ஆகவே மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம்.

தாதி_மார்த்தாள்:
உபவாசத்துக்கு வருகிறேன். எந்த மாத்திரை என்பதுதான் முக்கியம், அண்ணா. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழும் ஆபத்து குறைவு. கிளிப்பிசைட், கிளிக்கிளசைட் வகையோ இன்சுலினோ இருந்தால் சாப்பிடாமல் போட்டால் இறங்கிவிடும். எம்பாகிளிஃப்ளோசின் வகையில் வேறு சிக்கல், பட்டினியில் இரத்தத்தில் அமிலம் ஏறலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, பாலிகிளினிக்கில் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள்.

மருத்துவர் வேண்டாம் என்றால் தானியேல் 10:3 இருக்கிறது. மூன்று வாரம் அவர் விட்டது ருசியான அப்பம், இறைச்சி, திராட்சரசம். மூன்று வேளையும் அளவாகக் கஞ்சி, காய்கறி சாப்பிட்டுக்கொண்டே அப்படி இருக்கலாம். பத்து மணிக்கு வரும் தலைவலியை ஆவிக்குரிய போராட்டம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் கோப்பி குடிக்காததால் வருவது. நாலு நாள் முன்பிருந்தே குறைத்து வாருங்கள்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சோதியுங்கள். 4 mmol/L-க்குக் கீழே என்றால் உபவாசம் அங்கேயே முடிந்தது: மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. உபவாசம் மனுஷருக்குத் தெரியக்கூடாது என்று மத்தேயு 6 சொன்னாலும், பக்கத்தில் உட்காருகிறவரிடம் சர்க்கரை விஷயத்தைச் சொல்லிவையுங்கள்.