புது பெல்ட் போட்டும் காலைல கீச்சுன்னு கத்துது, என்னவா இருக்கும்?

கொட்டகலை_121:
வணக்கம், என்கிட்ட இருக்கிறது டொயோட்டா கொரோலா 121 கார், 1என்இசட் இன்ஜின். காலைல ஸ்டார்ட் பண்ணுன ஒடனே ஃபேன் பெல்ட் பக்கம் கீஈஈச்சுன்னு கத்துது, லயத்து நாயெல்லாம் எழும்பிருது. ஹெட்லைட், பின் கண்ணாடி ஹீட்டர், வைப்பர் போட்டா இன்னும் கூடுது, இங்க மிஸ்ட்டுக்கு அதெல்லாம் போடாம ரோட்டுல எறங்கவும் ஏலாது. கொஞ்ச தூரம் ஓடுனா அடங்கிருது. போன மாசந்தான் ஒரு கராஜ்ல புது பெல்ட் போட்டாங்க. திரும்ப கொண்டு போய் காட்டுனா பாஸ் ஏதோ ஸ்ப்ரே அடிச்சு விட்டாரு, கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு, இப்ப முன்னைய விட மோசம். பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் போயிருச்சாம், கொழும்புல பார்ட்ஸ் கடைங்க உள்ள பஞ்சிகாவத்தையில ரீகண்டிஷன் ஒண்ணு எடுக்கணுமாம். பேட்டரி லைட் எரியல. காசு குடுக்க முன்ன ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு தான்.

வேன்_தம்பி:
சவுக்காரத்த பெல்ட்டுல தேச்சு விடுங்கண்ணே, எங்கப்பா பழைய டவுன்ஏஸுக்கு அதான் செய்வாரு.

வவுனியா_மச்சான்:
ஐயோ சவுக்காரம் வேண்டாம், ஸ்ப்ரேயும் வேண்டாம். அது ஒட்டுற சாமான், தூசியையும் சேத்துப் பிடிக்கும், பிறகு பெல்ட் உள்பக்க வரிக்குள்ள எல்லாம் பசை மாதிரி நிக்கும். பெல்ட் சரியான சைஸ் தானோ எண்டு முதல்ல பாருங்கோ. முதுகுல எழுதியிருக்கும், 5பிகே எண்டா 5 வரி, அதுக்குப் பின்னால வாறது நீளம், மில்லிமீட்டர்ல.

தலவாக்கலை_ஸ்பேனர்:
தம்பி, ஆல்டர்னேட்டருக்கு இப்பவே காசு குடுக்காதீங்க. நீங்க சொல்ற மாதிரி லைட்டு, ஹீட்டர் போட்டதும் கூடுனா அது பெல்ட் வழுக்குற சத்தம். ஸ்டார்ட் பண்ணுனதுல பேட்டரில எறங்குன சார்ஜ்ஜ ஆல்டர்னேட்டர் திருப்பி ஏத்தணும், அதோட லைட்டும் ஹீட்டரும் சேந்தா பெல்ட் ஓடுற சக்கரம், அதான் புல்லி, சுத்த இறுகிப் போயிரும், குளிர்ல பெல்ட்டும் வெறைச்சு ஈரமா இருக்கும், அப்ப பிடிப்பு பத்தாம கத்தத்தான் செய்யும்.

ஒரு போத்தல்ல தண்ணி ஸ்ப்ரே எடுத்து, இன்ஜின் ஓடுறப்ப பெல்ட்டோட வரி உள்ள பக்கம் லேசா அடிச்சு பாருங்க. சத்தம் கூடுனா இறுக்கம் காணாது. நின்னு போய் காஞ்சதும் திரும்ப வந்தா ஏதோ ஒரு புல்லி நேர்ல இல்ல, அது கீச் கீச்னு விட்டு விட்டுத்தான் வரும். தண்ணிக்கு மாறாம கர்ர்னு கேட்டா பேரிங். கழுத்துல சுத்துற மஃப்ளரயும் ஸ்வெட்டர் கையையும் மட்டும் கவனிச்சுக்கங்க, குளிருக்கு போத்திக்கிட்டு பொனட்டுக்குள்ள குனியிற ஆளுங்க நம்ம.

கொட்டகலை_121:
அடிச்சேன் அண்ணே, கத்துனது பாருங்க, ரோட்டுல போன கொழுந்து லொறிக்காரர் பிரேக் அடிச்சு எட்டி பாத்துட்டு போறாரு.

தலவாக்கலை_ஸ்பேனர்:
அப்ப லூஸ்தான். உங்க இன்ஜின்ல பெல்ட்ட தானா இறுக்கி வைக்கிற ஆட்டோ டென்ஷனர் கிடையாது, ஆல்டர்னேட்டர் போல்ட்ட லூஸ் பண்ணி ஆல்டர்னேட்டரையே தள்ளித்தான் இறுக்கணும். புது பெல்ட் கொஞ்சம் ஓடுனதும் இழுபட்டு தொளதொளன்னு ஆகும், திரும்ப ஒருக்கா இறுக்காம விட்ருப்பாங்க. ரெண்டு புல்லிக்கு நடுவுல நீளமான எடத்துல பெருவிரலால அழுத்துனா சுமார் 10 மில்லிமீட்டர் இறங்குனா போதும். கம்பி மாதிரி இறுக்கிறாதீங்க, பேரிங் போயிரும். ஆனா இறுக்க முன்ன, பெல்ட்ட கழட்டி ஒவ்வொரு புல்லியையும் கையால சுத்தியும் ஆட்டியும் பாருங்க, அந்த ஸ்ப்ரே பசையையும் பிரேக் கிளீனர் போட்டு புல்லியில இருந்து தொடச்சுருங்க.

கொட்டகலை_121:
ஞாயித்துக்கிழமை கழட்டி பாத்தேன். ஆல்டர்னேட்டர் வழுவழுன்னு சுத்துது, ஒரு சத்தமும் இல்ல. ஆனா வோட்டர் பம்ப் புல்லிய பிடிச்சு ஆட்டுனா லேசா லொடக்குங்குது, அதுக்கு கீழ ரோஸ் கலர்ல உப்பு பூத்த மாதிரி ஏதோ காஞ்சு கெடக்கு. பெல்ட் உள்பக்கமும் ஒரு மாதிரி பிசுபிசுன்னு இருக்கு.

தலவாக்கலை_ஸ்பேனர்:
ஆள் அகப்பட்டுட்டான். அது கூலண்ட், இன்ஜின் சூட்ட ஆத்துற தண்ணி, பம்ப்போட சீல் போயி கசியுது. ராவுல வண்டி நிக்கிறப்ப கசிஞ்சு பெல்ட்டுல படுது, அதுக்கு மேல மிஸ்ட்டு வேற. புது பெல்ட் போட்டும் கத்துனதுக்கு காரணம் அதான். இனி எத்தன தரம் இறுக்குனாலும் வேலைக்கு ஆகாது. பம்ப்ப மாத்தாம ரம்பொடை ஏத்தத்துல லோட் போட்டு ஏத்திறாதீங்க, ஹீட் ஆனா ஹெட் கேஸ்கட் செலவு பம்ப்ப விட பல மடங்கு வரும்.

கொட்டகலை_121:
பம்ப் பாவிச்சது போடலாமா அண்ணே, இல்லாட்டி புதுசா? போன மாசம் போட்ட பெல்ட்ட திரும்ப போடலாமா?

தலவாக்கலை_ஸ்பேனர்:
பம்ப் புதுசுதான், கேஸ்கட்டோட எடுங்க. பாவிச்ச பம்ப்போட சீலு எப்ப போகும்னு யாருக்குமே தெரியாது. பெல்ட்டும் கூலண்ட்டும் ஸ்ப்ரேயும் குடிச்சு ஊறிப் போயிருக்கு, அதையும் மாத்திருங்க. கூலண்ட் ஊத்துனதும் மூடிய தெறந்து வச்சு, உள்ள ஹீட்டர ஃபுல்ல வச்சு ஓட விட்டு காத்த எடுங்க. ஒரு வாரம் ஓடுனதும் பெல்ட்ட திரும்ப ஒருக்கா இறுக்கிருங்க.

வேன்_தம்பி:
அப்ப சவுக்காரம் வேணாமா?

வவுனியா_மச்சான்:
கை கழுவ வச்சிருங்கோ.