வீட்டு குரூப்: தாத்தாவுக்கு ஹெட்செட், ஹாலுக்கு ஸ்பீக்கர்

*சனிக்கிழமை*

*அப்பா:* கம்ப்யூட்டர்ல படம் போட்டா தாத்தாவுக்குக் கேக்கல. சத்தத்தைக் கூட்டினா மத்தவங்க எந்திரிச்சுப் போயிடறாங்க. சரின்னு அவருக்கு யூஎஸ்பி ஹெட்செட் மாட்டினேன். மாட்டின உடனே ஸ்பீக்கர் ஊமை. ரெண்டுலயும் வரணும், என்ன பண்ண?

*அம்மா:* இப்ப அவர் ஒருத்தர்தான் படம் பாக்கறார். நாங்க வாயசைப்பு பாத்துட்டு இருக்கோம்

*சித்தப்பா:* அண்ணா, அந்த ஹெட்செட்டுக்குள்ளயே ஒரு குட்டி சவுண்ட் கார்டு, அதாவது கம்ப்யூட்டர் தர்றதைச் சத்தமா மாத்தற சர்க்யூட், இருக்கு. மதர்போர்டுல ஒண்ணு, ஹெட்செட்ல ஒண்ணு, மானிட்டர் எச்டிஎம்ஐல போனா அது மூணாவது. விண்டோஸ் டீஃபால்ட்னு ஒண்ணை வச்சுக்கிட்டு அதுக்கு மட்டும்தான் அனுப்பும்

*அக்கா:* எனக்கும் இதே பிரச்சனை சித்தப்பா. கிளாஸ் எடுக்கறப்ப பசங்க குரல் ஹெட்செட்ல வரணும், பாட்டு ஸ்பீக்கர்ல ஓடணும்

*சித்தப்பா:* இல்லம்மா, உனக்கு வேற. அண்ணனுக்கு ஒரே சத்தம் ரெண்டு இடத்துல. உனக்கு ரெண்டு சத்தம், ஆளுக்கொரு இடம். உன்னோடது சுலபம், அப்புறம் சொல்றேன். கஷ்டமானதை முதல்ல முடிச்சிடலாம்

*சித்தப்பா:* அண்ணா, முதல்ல டீஃபால்ட்டைத் திரும்ப ஸ்பீக்கருக்கே மாத்துங்க. அப்புறம் கண்ட்ரோல் பேனல், சவுண்ட், ரெக்கார்டிங் டேப். காலி இடத்துல ரைட் கிளிக் பண்ணி ஷோ டிசேபிள்ட் டிவைசஸ் டிக் பண்ணுங்க. ஸ்டீரியோ மிக்ஸ்னு ஒண்ணு மங்கலா தெரியும். எனேபிள் பண்ணுங்க

*அப்பா:* ரெக்கார்டிங்லயா? நான் எதையும் பதிவு பண்ணலையேடா

*சித்தப்பா:* ஸ்பீக்கருக்குப் போற சத்தத்தையே மைக்ல வர்ற மாதிரி திருப்பிக் குடுக்கறதுதான் ஸ்டீரியோ மிக்ஸ். அதோட ப்ராப்பர்ட்டீஸ்ல லிசன் டேப், லிசன் டு திஸ் டிவைஸ் டிக். கீழ பிளேபேக் த்ரூ திஸ் டிவைஸ்ல ஹெட்செட்டைத் தேர்ந்தெடுங்க. தப்பி ஸ்பீக்கரையே போட்டுடாதீங்க, சுத்திச் சுத்தி வந்து ஊளையிடும்

*நான்:* ஸ்டீரியோ மிக்ஸே தெரியலன்னா?

*சித்தப்பா:* எல்லா கார்டும் அதைத் தர்றதில்ல. ரியல்டெக் கம்பெனி சிப்பா இருந்தா, விண்டோஸ் தானா போட்ட பொது டிரைவரை (கார்டை இயக்கற மென்பொருள்) விட்டுட்டு ரியல்டெக் டிரைவரைப் போட்டா பெரும்பாலும் வந்துடும்

*அப்பா:* தெரியுது. போட்டாச்சு. ரெண்டுலயும் வருது!! 👏

*அம்மா:* வருது சரி. அவர் ஃபுல் சவுண்ட் வச்சிருக்கார், ஹெட்செட்டுக்கு வெளியவும் கேக்குது. ஸ்பீக்கர் ஒரு தடவை சொல்லுது, அவர் காது பின்னாடியே இன்னொரு தடவை சொல்லுது

*அப்பா:* அவரும் ஏதோ சொல்றார். வாய் மூடினதுக்கு அப்புறம் குரல் வருதாம்

*சித்தப்பா:* தாத்தா உதட்டைப் பாத்துதான் பாதி புரிஞ்சுக்கிறார். நமக்குத் தெரியாத தாமதம் அவருக்குத் தெரியும். படத்துல செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஒண்ணு சுமார் 42 மில்லி செகண்ட். 120 பின்தங்கினாலே மூணு ஃப்ரேம் போச்சு. ஸ்டீரியோ மிக்ஸ் வழி சுத்து வழி, பிடிச்சு திருப்பி அனுப்பறதுக்குள்ள லேட் ஆகத்தான் செய்யும்

*நான்:* ப்ளூடூத் ஹெட்போன் குடுத்துடலாமா?

*சித்தப்பா:* கெட்டுது போ. அது இதைவிட லேட்

*சித்தப்பா:* அண்ணா, வாய்ஸ்மீட்டர் பனானான்னு ஒரு மென்பொருள் இருக்கு, இறக்குங்க. விண்டோஸ் டீஃபால்ட்டா வாய்ஸ்மீட்டர் இன்புட்டை வைங்க. அதுல ஏ1, ஏ2, ஏ3ன்னு மூணு வெளியீடு. ஏ1ல ஹெட்செட், ஏ2ல ஸ்பீக்கர். ஏ1தான் தலைமை, அதோட கடிகாரத்துலதான் எல்லாம் ஓடும். அதனால தாத்தாவுக்கு ஏ1

*அக்கா:* சவுண்ட் கார்டுக்குக் கடிகாரமா?

*சித்தப்பா:* ஒவ்வொரு கார்டுலயும் தனித்தனி படிகம் துடிக்குது. செகண்டுக்கு 48,000 சாம்பிள், அதாவது சத்தத்தோட துணுக்குன்னு ரெண்டும் சொல்லும், ஆனா துல்லியமா ஒண்ணு போல இருக்காது. பத்து லட்சத்துல 50 வித்தியாசம்னு வை, ஒரு மணி நேரத்துல 180 மில்லி செகண்ட் விலகிடும். இடையில எதாவது மென்பொருள் சரிபண்ணிட்டே வரணும். இல்லன்னா ஒரு பக்கம் சாம்பிள் தீந்து டிக் டிக்னு வெட்டும்

*நான்:* மேக்ல இதுக்குன்னே ஒரு பெட்டி இருக்கு சித்தப்பா. ஆடியோ மிடி செட்டப்ல கீழ பிளஸ் அமுக்கி மல்டி அவுட்புட் டிவைஸ் போட்டா, ரெண்டு டிவைஸையும் டிக் பண்ணலாம். பக்கத்துலயே டிரிஃப்ட் கரெக்ஷன், நீங்க சொன்ன விலகலைச் சரிபண்ண

*சித்தப்பா:* அதேதான். தலைமை டிவைஸ் தவிர மத்ததுக்கு அதை டிக் பண்ணணும். ஆனா அதுல கீபோர்டு வால்யூம் பட்டன் வேலை செய்யாது, கவனிச்சியா? லினக்ஸ்லயும் கம்பைன் சிங்க்னு உண்டு, எல்லா கார்டையும் ஒரே கார்டு மாதிரி காட்டும்

*அப்பா:* வாய்ஸ்மீட்டர் ஓடுது. விமானம் ஓட்டற மாதிரி இருக்கு, ஆனா ஓடுது. தாத்தா தலையாட்டறார்

*ஞாயிற்றுக்கிழமை*

*அம்மா:* இன்னிக்கு எதுலயுமே சத்தம் வரல

*சித்தப்பா:* அண்ணி, கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டீங்களா? வாய்ஸ்மீட்டரை யாராவது திறக்கணும். தானா திறக்கணும்னா அதோட மெனுல ரன் ஆன் விண்டோஸ் ஸ்டார்ட்அப் டிக் பண்ணணும், நான் சொல்ல மறந்துட்டேன்

*அம்மா:* தம்பி, தினம் இதைத் திறந்து மூட என்னால ஆகாது. அலமாரில ஒரு பின், ரெண்டு ஓட்டைன்னு ஒரு வயர் கிடக்கு. பழைய ஹெட்போனும் கிடக்கு, வயர்லயே சவுண்ட் திருகற சக்கரம் இருக்கு. அதைச் சொருகினா ஆகாதா?

*சித்தப்பா:* …

*சித்தப்பா:* ஆகும் அண்ணி. ஒரே கார்டு, ஒரே கடிகாரம், பின்தங்கவே பின்தங்காது. ஸ்பீக்கருக்குத் தனி குமிழ் இருக்கு, தாத்தாவுக்கு அந்தச் சக்கரம். நேத்தே சொல்லியிருக்கலாமே

*அம்மா:* நேத்து நீங்க பேச விட்டாத்தானே

*அப்பா:* சொருகியாச்சு. டீஃபால்ட்டை மறுபடி ஸ்பீக்கருக்கு மாத்தினேன். தாத்தா சக்கரத்தை அவரே திருகிக்கிறார், என்னைக் கூப்பிடவே இல்ல

*அக்கா:* சித்தப்பா, என்னோடது?

*சித்தப்பா:* உனக்குத்தான்மா உண்மையிலேயே ரெண்டு கார்டு வேணும். விண்டோஸ் 11ல செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், வால்யூம் மிக்ஸர். ஒவ்வொரு ஆப்புக்கும் அவுட்புட் டிவைஸ் தனியா கேக்கும். 10லயும் 2018ல இருந்து உண்டு

*அக்கா:* குரோமுக்கு ஹெட்செட்னு போட்டேன். பாட்டும் ஹெட்செட்டுக்கே வந்துடுச்சு

*நான்:* பாட்டும் குரோம்லயே ஓடுதா?

*அக்கா:* ஆமா, பக்கத்து டேப்

*சித்தப்பா:* அது ஆப்பைத்தான் பிரிக்கும், டேப்பைப் பிரிக்காது. கிளாஸை எட்ஜ்ல திற, பாட்டு குரோம்லயே இருக்கட்டும். எட்ஜுக்கு ஹெட்செட், குரோமுக்கு ஸ்பீக்கர். மிக்ஸர் பட்டியல்ல எட்ஜ் தெரியலன்னா அதுல எதையாவது ஒரு நிமிஷம் ஓட விடு, அப்பதான் தலைகாட்டும்

*அக்கா:* வந்துடுச்சு. பசங்க காதுல, பாட்டு வெளில 🙏